கடனுக்கும் உண்டு அரை ஆயுட்காலம்

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் யாரிடமாவது கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை இருந்தால், அவர்களுடைய அனுமதியுடன் அதைச் சற்று நேரம் வாங்கி, உங்கள் வடிவியல் பெட்டியில் உள்ள அளவுகோலால் அளந்து பாருங்கள். நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் ஏறத்தாழ 54 மில்லிமீட்டர், தடிமன் முக்கால் மில்லிமீட்டர். மதுரையில் வாங்கிய அட்டையானாலும் மாஸ்கோவில் வாங்கிய அட்டையானாலும் அளவு இதுவேதான். உலகம் முழுவதற்கும் ஒரே தரம் வகுத்திருக்கிறார்கள்.

கடையில் உள்ள கருவிக்கு மேலே இந்த அட்டையைச் சில சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தாலே போதும், கருவி ஒலி எழுப்பி "ஆயிற்று" என்கிறது. அட்டைக்குள் மின்கலம் எதுவும் கிடையாது. அப்படியானால் உள்ளே இருக்கும் சிறிய சில்லு இயங்க மின்சாரம் எங்கிருந்து வந்தது? 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் விடை. அட்டையின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரரின் கருவி நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை திசை மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் சுருளை ஊடுருவும்போது அதில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. சில்லு விழித்துக்கொண்டு, அந்த ஒரு வியாபாரத்திற்கு மட்டுமே செல்லுபடியாகும் ரகசிய எண் ஒன்றைக் கணக்கிட்டுக் கருவிக்கு அனுப்புகிறது. மீண்டும் உறங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து கால்வனாமீட்டரின் முள் அசைவதைப் பார்த்தீர்களே, அதே சோதனைதான் மளிகைக் கடையில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவும் முடிய ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்று கேட்டால், "பணம் கொடுத்தோம்" என்றுதான் பலரும் சொல்வார்கள். கையில் இருந்தது டெபிட் கார்டு என்றால் அந்தப் பதில் சரி. நம் கணக்கில் ஏற்கெனவே இருந்த பணம்தான் கடைக்காரருக்குச் சென்றது. கிரெடிட் கார்டு என்றால் பதில் தவறு. கடைக்காரருக்குப் பணம் கொடுத்தது வங்கி. நாம் செய்தது வங்கியிடம் கடன் வாங்கியது. இரண்டு அட்டைகளும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு, ஒரே ஒலி. ஆனால் பின்னால் நடக்கும் கணக்கு முற்றிலும் வேறு.

இந்த ஏற்பாடு அவ்வளவு பழையதன்று. 1950-இல் அமெரிக்காவில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டையில், மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே, அஞ்சலில் அட்டைகளை அனுப்பிவைத்தது. "முழுவதும் கட்ட இயலாவிட்டால் கொஞ்சம் கட்டுங்கள், மீதிக்கு வட்டி போட்டுக்கொள்கிறோம்" என்ற வழி இங்கேதான் பெருமளவில் திறந்தது. அந்த அட்டைதான் 1976-இல் விசா என்று பெயர் மாறியது. நம் நாட்டில் 1980-இல் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா கடன் அட்டையை அறிமுகம் செய்தது.

"கொஞ்சம் கட்டுங்கள்" என்ற அந்த வாசகத்தின் உள்ளே புகுந்து பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

என்னிடம் இளங்கலை இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர், வேலைக்குச் சென்று நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கூடத்திற்கு என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு மாத பில். முதல் சம்பளம் வந்த கையோடு கிடைத்த அட்டையில் அவர் ரூ. 40,000-க்குப் பொருள்கள் வாங்கியிருக்கிறார். அதன்பின் அட்டையைத் தொடவே இல்லை. பில்லில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று அச்சிட்டிருந்த தொகையை மட்டும், மூன்று ஆண்டுகளாக, ஒரு மாதமும் தவறாமல், கெடு தேதிக்கு முன்பே கட்டி வந்திருக்கிறார். "இதுவரை அறுபத்திரண்டாயிரத்துக்கு மேல் கட்டிவிட்டேன், சார். இன்னும் இருபத்தேழாயிரம் பாக்கி என்று போட்டிருக்கிறார்கள். கணக்கில் ஏதோ பிழை இருக்கிறது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

இருவரும் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். கணக்கில் பிழை எதுவும் இல்லை.

தொட்டியும் இரு குழாய்களும்

கீழ்வகுப்பில் தொட்டிக் கணக்கு போட்டிருப்பீர்கள். மேலே ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது. அடியில் ஒரு குழாய் அதைக் காலி செய்கிறது. தொட்டி எப்போது வற்றும்? கடன் அட்டையின் பாக்கியும் இத்தகைய தொட்டிதான். மேல் குழாய் வட்டி. அடிக்குழாய் நீங்கள் கட்டும் தொகை.

முதலில் மேல் குழாயைப் பார்ப்போம். நம் நாட்டுக் கடன் அட்டைகள் பலவற்றில் மாத வட்டி 3.5 சதவீதம் அல்லது அதை ஒட்டி இருக்கிறது. 'மூன்றரை' என்னும்போது சிறிய எண்ணாகத் தோன்றுகிறது. இதையே உங்கள் பாட்டியிடம் "நூற்றுக்கு மூன்றரை வட்டி" என்று ஊர் வழக்கில் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் உடனே மாறும். ஆண்டுக்கு 42 சதவீதம் என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கும். அந்த வட்டியின்மேல் 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. ஆக, 3.5 × 1.18 = 4.13. பாக்கியில் மாதந்தோறும் 4.13 சதவீதம் மேலிருந்து கொட்டுகிறது.

இனி அடிக்குழாய். குறைந்தபட்சத் தொகையைக் கணக்கிடும் முறை வங்கிக்கு வங்கி வேறுபடும். பரவலாக உள்ள ஒரு முறையில் அது மொத்தப் பாக்கியில் 5 சதவீதம். அதையே எடுத்துக்கொள்வோம். சிறு கட்டணங்களையும் நாள் வித்தியாசங்களையும் கணக்கில் சேர்க்காமல் விடுகிறேன். உராய்வைத் தள்ளிவிட்டு ஊசலின் கணக்கைப் போடுகிறோமே, அது போல.

பாக்கி ரூ. 10,000 என்று கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் வட்டியும் வரியுமாக ரூ. 413 சேர்ந்து 10,413 ஆகிறது. அதில் 5 சதவீதம், அதாவது சுமார் ரூ. 521 கட்டுகிறீர்கள். மிச்சம் ரூ. 9,892. கையிலிருந்து போனது 521 ரூபாய்; கடனில் குறைந்தது 108 ரூபாய். அடுத்த மாதம் 409 ரூபாய் சேர்கிறது, 515 ரூபாய் கட்டுகிறீர்கள், பாக்கி 9,786 ஆகிறது. இப்படியே ஓராண்டு கட்டி முடித்தால் நீங்கள் கொடுத்த மொத்தம் சுமார் ரூ. 5,890. பாக்கியோ இன்னும் ரூ. 8,782!

ஒவ்வொரு மாதமும் நடப்பது ஒரே பெருக்கல் என்பதைக் கவனித்தீர்களா? முதலில் 1.0413-ஆல் பெருக்குகிறோம், பிறகு 0.95-ஆல் பெருக்குகிறோம். இரண்டும் சேர்ந்து 0.9892. மாதந்தோறும் பாக்கி தன்னுடைய அளவில் ஒரே விகிதத்தில், ஏறத்தாழ 1.08 சதவீதம், குறைகிறது. இருக்கும் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் குறைந்துகொண்டே போகும் ஒரு பொருளை உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்தில் சந்தித்திருக்கிறீர்கள். அது கதிரியக்கப் பொருள்!

கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுட்காலம் சொல்வது போல இந்தக் கடனுக்கும் சொல்லிவிடலாம். மடக்கை அட்டவணை தெரிந்தவர்கள், 0.9892-ஐ எத்தனை முறை பெருக்கினால் அரை வரும் என்று பாருங்கள். மற்றவர்கள் கணிப்பானில் பொறுமையாகப் பெருக்கிக்கொண்டே போகலாம். விடை சுமார் 64 மாதங்கள். ஐந்து ஆண்டுகளும் நான்கு மாதங்களும்! புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்பட்டு வரும் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 5.27 ஆண்டுகள். கடன் அட்டைப் பாக்கி கோபால்ட்டைவிடச் சற்று மெதுவாகத்தான் அழிகிறது. இது வெறும் தற்செயல் ஒற்றுமைதான் என்றாலும், நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது.

அந்த 64 மாதங்களில் நீங்கள் கட்டியிருப்பது சுமார் ரூ. 24,180. பதினாயிரம் கடனில் பாதி தீர்ந்திருக்கும், ஐயாயிரம் நின்றிருக்கும். இன்னும் ஓர் அரை ஆயுட்காலம் போனால், அதாவது பத்து ஆண்டும் எட்டு மாதமும் ஆனால், ரூ. 2,500 நிற்கும். கோட்பாட்டளவில் இது ஒருபோதும் பூச்சியத்தைத் தொடாது. நடைமுறையில், இதற்குக் கீழே போகக்கூடாது என்று வங்கிகள் ஒரு சிறு தொகையை நிர்ணயித்திருப்பதால், கடைசி வால் மட்டும் அறுந்துவிடும்.

என் மாணவரின் கடன் இதைப் போல நான்கு மடங்கு. 36 மாதங்களுக்குப் பிறகு 40,000-இல் மிச்சம் சுமார் 27,090. கட்டியது சுமார் 62,430. பில்லில் இருந்ததும் இதை ஒட்டிய எண்களே. ஒழுங்காகக் கட்டியும் ஏன் தீரவில்லை என்று அவர் கேட்டார். ஒழுங்குக்கு இங்கே இடமே இல்லை. விகிதத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, பில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டுவதால் கிடைப்பது இரண்டே நன்மைகள்: தாமதக் கட்டணம் விழாது, தவணை தவறியவர் என்று பெயர் கெடாது. வட்டியை அது நிறுத்துவதில்லை.

வேறு சில வங்கிகள், வட்டி, வரி முழுவதையும் சேர்த்து, அதற்குமேல் பாக்கியில் 2 சதவீதத்தையும் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. அங்கே அரை ஆயுட்காலம் சுமார் 34 மாதங்கள். கோபால்ட்டைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாற்று என்ன? தொட்டியை மீண்டும் பாருங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க அடிக்குழாயின் ஓட்டமும் மெலிந்துகொண்டே போகிறது. முதல் மாதம் 521, அடுத்த மாதம் 515, பிறகு 509. இந்த மெலிவுதான் காலத்தை நீட்டுகிறது. பில் குறைத்துக் கேட்டாலும் நீங்கள் குறைக்காமல், மாதம் 521 ரூபாயையே பிடிவாதமாகக் கட்டினால் என்ன ஆகும்? 39-ஆவது மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடுகிறது! கட்டிய மொத்தம் ரூ. 20,260. அதே முதல் தவணைதான். அதைக் குறையவிடவில்லை, அவ்வளவே. மாதம் ஆயிரம் ரூபாயாக உயர்த்தினால் 14 மாதங்களில் முடிந்துவிடும். கட்டும் மொத்தம் ரூ. 13,166. இந்த வித்தியாசத்தை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் நம்பாமல் தாமே போட்டுப் பார்க்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டும்.

வட்டியில்லா நாட்கள்

இவ்வளவு படித்தபின், "அப்படியானால் இந்த அட்டையே வேண்டாம்" என்று தோன்றலாம். அது அவசரத் தீர்ப்பு. மாத பில்லில் காணும் மொத்தத் தொகையைக் கெடு தேதிக்குள் முழுவதும் கட்டிவிடுபவருக்கு, வாங்கிய பொருள்களின்மேல் வட்டி ஒரு காசும் இல்லை. அவர் வங்கியின் பணத்தைச் சில வாரங்களுக்கு இலவசமாகவே பயன்படுத்துகிறார்.

எத்தனை நாள்? ஓர் அட்டையின் பில் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி முடிகிறது, கட்ட வேண்டிய கெடு 30-ஆம் தேதி என்று கொள்வோம். ஜூன் 11-இல் நீங்கள் வாங்கிய பொருள், ஜூலை 10 அன்று முடியும் பில்லில் வரும். கெடு ஜூலை 30. இடையில் 49 நாட்கள். அதே பொருளை ஜூலை 10-இல் வாங்கினால் 20 நாட்கள்தான். ஆகவே '50 நாள் வட்டியில்லை' என்று விளம்பரத்தில் காணும் எண் உச்ச அளவு. எல்லாப் பொருளுக்கும் அது கிடைக்காது.

இந்தச் சலுகை ஒரு நூலில் தொங்குகிறது. முழுத் தொகையும் கட்டப்படாவிட்டால் வட்டி கணக்கிடப்படுவது கெடு தேதியிலிருந்து அன்று, பொருள் வாங்கிய நாளிலிருந்து. ஜூன் 11-இல் வாங்கிய ரூ. 10,000 பொருளுக்கு, ஜூலை 30-இல் ரூ. 9,500 கட்டிவிட்டு, "மீதி ஐந்நூறுதானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் நினைக்கிறார். பல வங்கிகளின் விதித்தாளில் காணும் முறைப்படி, பதினாயிரத்துக்கும் 49 நாளுக்கு வட்டி விழும். 10,000 × 0.42 × 49 ÷ 365 = 564 ரூபாய். வரியும் சேர்ந்து 665. ஐந்நூறு ரூபாயைப் பிடித்து வைத்ததற்கு அறுநூற்று அறுபத்தைந்து! அதோடு, பழைய பாக்கி முழுவதும் தீரும் வரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது.

ஏ.டி.எம். இயந்திரத்தில் கடன் அட்டையைச் செருகி ரொக்கம் எடுப்பவருக்கு வட்டியில்லா நாள் ஒன்றுகூட இல்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

உராய்வு இல்லாத செலவு

உராய்வு இல்லாத தளத்தில் ஒரு பொருளைத் தள்ளிவிட்டால் அது நில்லாமல் போய்க்கொண்டே இருக்கும் என்று நியூட்டன் விதியில் படிக்கிறோம். பர்ஸைத் திறந்து, தாள்களை எண்ணி, கொடுத்த பின் பர்ஸ் மெலிந்ததைப் பார்ப்பது ஒருவகை உராய்வு. அட்டையில் அது இல்லை. 2001-ஆம் ஆண்டில் டிரேசன் பிரெலெக், டங்கன் சைமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்து மேலாண்மை மாணவர்களிடையே கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும், மறு பாதிப் பேரிடம் கடன் அட்டையில் கட்டலாம் என்றும் சொன்னார்கள். அட்டைக்காரர்கள் கேட்ட சராசரி விலை, ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல இருமடங்குக்கும் மேல்! கணக்கு நன்கு தெரிந்த மாணவர்கள்தாம் அவர்கள்.

நம் நாட்டில் 2021 ஜனவரி முதல், ஒரு முறைக்கு ரூ. 5,000 வரை ரகசிய எண் கேட்காமலேயே அட்டையைக் காட்டிப் பணம் செலுத்தலாம். 2022 முதல் ரூபே கடன் அட்டைகளை யு.பி.ஐ.-யுடன் இணைத்துத் தேநீர்க் கடையில்கூடக் கடனுக்கு வாங்க முடிகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து ரூபாய்த் தேநீரும் பில்லில் போய் உட்காரும்போது, மாத முடிவில் அந்த நீண்ட பட்டியலைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள்.

உராய்வை நாமே திரும்ப உண்டாக்கிக்கொள்ளலாம். தொடாமல் செலுத்துதல், இணையத்தில் வாங்குதல், வெளிநாட்டுச் செலவு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே திறக்கவும் மூடவும், வரம்பு வைக்கவும் அட்டைதாரருக்கு வசதி தர வேண்டும் என்று 2020-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. வங்கியின் செயலியில் இந்தச் சுவிட்சுகள் இருக்கும். வேண்டாதவற்றை அணைத்து வைக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை, உதாரணமாக ஞாயிற்றுக்கிழமை, பாக்கியை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பவர் ஒருவரை நான் அறிவேன். அவருக்கு எண்கள் தாமாகவே பிரேக் போடுகின்றன.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதினெட்டு வயது ஆகும்வரை உங்கள் பெயரில் ஒப்பந்தம் செய்து அட்டை வாங்க முடியாது. ஆனால் ஆனவுடன் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். பேரங்காடியில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் பிரதிநிதி, விமான நிலைய ஓய்வறையைப் பற்றியும் பரிசுப் புள்ளிகளைப் பற்றியும் விரிவாகப் பேசுவார். வட்டி விகிதத்தைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும். 'மிக முக்கியமான விதிமுறைகளும் நிபந்தனைகளும்' என்ற தலைப்பில் வங்கி ஒரு தாள் தரக் கடமைப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் படிக்க வேண்டியது அதைத்தான். மாத வட்டி, ஆண்டு வட்டி, குறைந்தபட்சத் தொகையின் கணக்கு, தாமதக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும்.

புள்ளிகளின் கணக்கு எளிது. ஆண்டுக் கட்டணம் ரூ. 500, வரியுடன் ரூ. 590, நூறு ரூபாய் செலவுக்கு ஒரு ரூபாய் பெறுமானமுள்ள புள்ளி கிடைக்கிறது என்றால், ஆண்டுக்கு ரூ. 59,000 செலவழித்த பிறகுதான் நீங்கள் கொடுத்த கட்டணமே திரும்பி வருகிறது. இனி இன்னொரு பக்கம்: பதினாயிரம் செலவில் கிடைக்கும் புள்ளி நூறு ரூபாய், அந்தப் பதினாயிரத்தை ஒரே ஒரு மாதம் பாக்கி வைத்தால் போவது 413 ரூபாய். ஆகவே முழுத் தொகையும் கட்டுபவருக்குத்தான் புள்ளியைப் பற்றிப் பேச உரிமை உண்டு. மற்றவர் முதலில் பார்க்க வேண்டியது வட்டி விகிதத்தை.

'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தைக் கண்டாலும் ஒரு கணம் நில்லுங்கள். சுழிய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்ற கருத்தை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரும்பாலும் ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடிதான் வட்டியின் வேடத்தில் நின்றுகொண்டிருக்கும். "முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?" என்று கடைக்காரரைக் கேட்டால் வேடம் கலைந்துவிடும்.

வட்டிக்குச் சட்டமே மேல்வரம்பு வைத்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கேட்பது முறையற்ற வணிகம் என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது உண்மைதான். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்துவிட்டது.

முதல் அட்டை எடுப்பவருக்கு என் யோசனை: ஒரே அட்டை, குறைந்த வரம்பு. வரம்பு என்று வங்கி சொல்லும் தொகை உங்கள் சம்பளமன்று, உங்கள் சேமிப்புமன்று. நீங்கள் எவ்வளவு கடனாளி ஆகலாம் என்பதன் அளவு அது. வருமானம் இல்லாதவர்களுக்கு, ஒரு வைப்புத்தொகையை ஈடாகக் கொண்டு சில வங்கிகள் அட்டை தருகின்றன. பழகிக்கொள்ள அது நல்ல வழி. பில் தேதியைக் குறைந்தது ஒரு முறையேனும் மாற்றிக்கொள்ள அட்டைதாரருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கெடு தேதி சம்பளம் வந்த சில நாட்களுக்குள் விழுமாறு அமைத்து, முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகவே கழியுமாறு எழுதிக் கொடுத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. அப்படி எழுதிக் கொடுக்கும் படிவத்தில் 'முழுத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எதில் குறியிடுகிறோம் என்று இருமுறை பார்க்க வேண்டும்.

கேளாமல் அட்டை அனுப்புவதை 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில் ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. ஃபிரெஸ்னோவில் செய்ததை இங்கே செய்ய முடியாது. பாக்கியில்லாத அட்டையை மூடச் சொல்லி எழுதிக் கேட்டால், ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் வங்கி உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் உண்டு. இது பலருக்குத் தெரியாது.

ரகசிய எண்ணையும், அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் எவரிடமும் சொல்லக் கூடாது என்பதை நீங்களே வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருப்பீர்கள். சொல்லாத செலவு பில்லில் தெரிந்தால் அன்றே வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்குங்கள். மோசடி என்றால் 1930 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பொறுப்பைக் கூட்டும்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே கண்ட அதே 4.13 சதவீத வட்டிக் குழாயை வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகையை 5 சதவீதத்திலிருந்து 4.2 சதவீதமாகக் குறைத்தால் அரை ஆயுட்காலம் எவ்வளவு? விடை 23 ஆண்டுகளைத் தாண்டும். சரியான மாதத்தை நீங்கள் கண்டுபிடியுங்கள். இன்னும் குறைத்துக்கொண்டே போனால், ஓர் அளவில் அரை ஆயுட்காலம் முடிவிலி ஆகிவிடும். எவ்வளவு கட்டினாலும் பாக்கி அசையாமல் நிற்கும். அந்தச் சதவீதம் எது? அதற்கும் கீழே போனால், மாதந்தோறும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும்போதே கடன் வளரத் தொடங்கும். அப்படி வளரும் வகையில் குறைந்தபட்சத் தொகையை எந்த வங்கியும் நிர்ணயிக்கக் கூடாது என்று 2022-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. வீட்டில் ஒரு கடன் அட்டை பில் இருந்தால், அதில் காணும் மொத்தத் தொகையால் குறைந்தபட்சத் தொகையை வகுத்து, அந்த எல்லைக்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பாருங்கள்.